நிதானத்தின் ஷாம்பெயின்

நிதானம் என்பது அவள் பெயரல்ல. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். ரெஸ்டாரண்டில் சேர்ந்த புதிதில், கை நிறையத் தட்டுகளோடு குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறவர்களைப் பார்த்து "நிதானம், நிதானம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சமையல்காரர் ஒருநாள் அந்த வார்த்தையையே தூக்கி அவள் தலையில் கட்டிவிட்டார். அன்றிலிருந்து முதலாளியம்மா முதல் காய்கறி இறக்க வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் நிதானம்தான்.

பெயருக்கேற்ற ஆள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வெளியில்தான் நிதானம். உள்ளுக்குள் எந்த நேரமும் ஒரு குக்கர் கொதித்துக்கொண்டிருக்கும். விசில் மட்டும் வராது, அவ்வளவுதான்.

மேசை துடைக்க வந்தவள் அவள். துடைத்த மேசையில் பரிமாறத் தொடங்கி, பரிமாறுகிறவர்களுக்குத் தலைவியாகி, இன்றைக்கு அந்த ரெஸ்டாரண்டில் எந்தப் புட்டியை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது என்று முடிவு செய்வதும் அவள்தான். இதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் போய்ப் படிக்கவில்லை. ஒயின் வியாபாரி சாம்பிள் புட்டிகளோடு வரும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, கேள்வி கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுத்து, அப்படியே பிடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் அவள் குடிக்கிறவள் இல்லை. வாயில் ஒரு மடக்கு வைத்து, கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவே உருட்டி, பக்கத்தில் வைத்திருக்கும் குவளையில் ஓசைப்படாமல் துப்பிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "நான் ரோட்டுல துப்பினா அபராதம் கட்டணும், நீ துப்பினா சம்பளம் தர்றாங்க. என்னமா ஒரு வேலை!" என்பார். கேலிதான். ஆனால் டிப்போவில் மற்ற டிரைவர்களிடம் பேசும்போது அதே கதையைப் பெருமையாகச் சொல்லுவார் என்று அவள் காதுக்கு வந்திருக்கிறது.

அந்த ரெஸ்டாரண்டில் இன்னொரு முக்கியமான ஆள் உண்டு. பின்கட்டில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நிற்கும் பளிங்கு. நிதானத்தின் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த தங்கை, அதாவது நாத்தனார். அவள் கழுவி வைத்த கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு புள்ளி, ஒரு கோடு இருக்காது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். நிதானத்துக்கு முன்னாலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள் பளிங்கு. அண்ணியைச் சிபாரிசு செய்து உள்ளே கொண்டுவந்ததும் அவளே. வாரத்துக்கு ஒருதரமாவது அதைச் சொல்லிக்காட்டாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"யாரு கொண்டாந்து விட்டது உங்கள? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அண்ணி."

"நீதான்டி தாயே. காலைல எழுந்ததும் உன் பக்கம் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் பல்லே விளக்கறேன், போதுமா?"

இப்படித்தான் ஓடும் அவர்கள் பிழைப்பு. ஒன்றாகவே பஸ் ஏறி வருவார்கள், ஒரே டப்பாவிலிருந்து பங்குபோட்டுச் சாப்பிடுவார்கள், வழி நெடுக வாய்ச்சண்டை போடுவார்கள். பளிங்கு தன் அண்ணியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? அண்ணியும் எதிர்பார்த்ததில்லை என்றுதான் சொல்லிக்கொள்வாள். அதை நான் அவ்வளவாக நம்பவில்லை.

ஷாம்பெயின் விவகாரத்துக்கு வருகிறேன். அந்த ரெஸ்டாரண்ட் மெனு கார்டில் ஷாம்பெயின் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பேர்பெற்ற கம்பெனி, தங்க எழுத்து லேபிள். விலையைப் பார்த்ததும் முக்கால்வாசிப் பேர் அவசரமாக அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஒரு நாள் பக்கத்துத் தெருத் தையல்காரர் தன் மனைவியோடு கல்யாண நாள் என்று சாப்பிட வந்தார். கார்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்தார், எடுத்தார். "எனக்கு அதெல்லாம் புடிக்காதுங்க, சோடாவே போதும்" என்றாள் அந்த அம்மாள். ஆனால் பக்கத்து மேசையில் நெட்டைக் கிளாஸ்களில் குமிழி குமிழியாக ஏறியதை அவள் கண் கடைசி வரை விடவில்லை. சோடாவை ஊற்றிக்கொடுத்த நிதானத்துக்கு மனசு ஆறவில்லை. பிடிக்காதென்று சொன்னவள் கண் அப்படியா பார்க்கும்?

மறுநாளே முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

"மேடம், சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டுற மாதிரி ஒரு ஷாம்பெயின் வைக்கலாம். கிளாஸ் கணக்குலயும் குடுக்கலாம்."

முதலாளியம்மா கெட்டவள் இல்லை. பயந்தவள். "விலை கொறஞ்சத வச்சா நம்ம பேரும் சேந்து கொறஞ்சிடும் நிதானம். ஷாம்பெயின்னு கேட்டுட்டு ஆப்பிள் ஜூஸ் குடுத்தாங்கன்னு ஊர் முழுக்கச் சொல்லுவாங்க."

"நல்லதா நான் தேடி எடுக்கறேன்."

"சரி, எடுங்க. ஒரு விருந்துல ஊத்திப் பாக்கலாம். வந்தவங்க முகம் மலர்ந்தா கார்டுல போடலாம், உங்க பேரோட போடறேன். இல்லன்னா இந்தப் பேச்ச மறுபடி எடுக்கக்கூடாது."

அப்படி ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு வந்தபிறகு, நிதானம் நாக்கை வேலைக்கு அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து நாற்காலிகள் காலியானதும், சன்னலோர மேசையில் ஒயின் வியாபாரி புட்டிகளை அடுக்குவார். லேபிளில் எல்லாவற்றிலும் 'ப்ரூட்' என்றுதான் போட்டிருக்கும். இனிப்பு மிகக் குறைவு என்பதற்கு அடையாளம் அது. ஆனால் லேபிள் சொல்வதையும் நாக்கு சொல்வதையும் ஒன்றாக்க முடிகிறதா? ஒன்று, ப்ரூட் என்று போட்டுக்கொண்டு பாகு மாதிரி பல்லில் ஒட்டியது. ஒன்று, காது வரை புளித்தது. ஒன்றில் நுரை ஊர்வலம் மாதிரி வந்தது, பின்னாலேயே சுவை வரவில்லை. நிதானம் உப்புப் போட்டுப் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைக் கடித்து, ஒரு மடக்கு வைத்து, துப்பி, தலையாட்டி, அடுத்ததற்குப் போவாள். ரொட்டியோடு ஒருதரம், வெறும் வாயோடு ஒருதரம். வியாபாரி சலித்துப்போய், "உங்க பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கும்போதுகூட இவ்ளோ குடைஞ்சிருக்க மாட்டீங்க" என்றார்.

"மாப்பிள்ள புடிக்கலன்னா அனுசரிச்சுப் போகச் சொல்லலாம். வர்ற கஸ்டமர்கிட்ட அப்படிச் சொல்ல முடியுமா?"

கடைசியில் சிக்கியது ஒரு சின்னக் குடும்பம் தங்கள் நிலவறையிலேயே வைத்து முதிரவிட்ட ஷாம்பெயின். லேபிளில் அலங்காரம் ஒன்றுமில்லை. முதல் மடக்கில் பச்சை ஆப்பிள், அதற்குப் பின்னால் வறுத்த ரொட்டியின் வாசனை, முடிவில் நாக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும் ஒரு வறட்சி. குமிழிகள் பொடியாக, அவசரமில்லாமல், விடாமல் ஏறின. அவள் இன்னொரு மடக்கு வைத்தாள். துப்ப மறந்து விழுங்கிவிட்டாள். "இதுதாங்க" என்றாள் வியாபாரியிடம். விலையும் எட்டுகிற விலைதான். அதைக் கேட்டதும் தையல்காரர் மனைவியின் முகம்தான் அவளுக்கு நினைவு வந்தது.

விருந்தும் அமைந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வார்டே நடுங்கும் தலைமை நர்ஸ் ஒருவர் ஓய்வு பெறுகிறார். அவர் கையின் கீழ் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மாடி ஹாலில் மத்தியான விருந்து வைக்கிறார்கள். "பெரிய டாக்டருங்க போகும்போது ஷாம்பெயின் ஒடைச்சாங்க. எங்க ஹெட் நர்ஸ் அம்மாவுக்கு மட்டும் என்ன கொறச்சல்? எங்களுக்குக் கட்டுப்படியாகற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று ஒரு நர்ஸ் வந்து கேட்டாள். நிதானத்துக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இங்கேதான் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஷாம்பெயினுக்கென்று இருக்கும் நெட்டைக் கிளாஸ்களை அதுவரை பளிங்கு தொட்டதே இல்லை. இருந்தவை கொஞ்சம். எப்போதாவதுதான் வெளியே வரும். அதனால் நிதானமே எடுத்து வெறும் வெந்நீரில் அலசி, பழைய பருத்தித் துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவாள். ஏன் சோப்புப் போடுவதில்லை, ஏன் அந்தப் பழந்துணி என்று யாருக்கும் சொன்னதில்லை. தனக்கென்று ஒரு சின்னத் தொழில் ரகசியம் இருக்கட்டுமே என்கிற அல்ப ஆசையாகவும் இருக்கலாம். இப்போது விருந்துக்காக முதலாளியம்மா பெட்டி பெட்டியாகப் புதுக் கிளாஸ் வாங்கிவிட்டாள். நிதானத்துக்கோ புட்டிகளைக் குளிரவைக்கிற வேலை, மேசை விரிப்பு வேலை, பரிமாறுகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிற வேலை. மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"பளிங்கு! நெட்டைக் கிளாஸெல்லாம் நீயே பாத்துக்கடி!"

அவ்வளவுதான் சொன்னது. பளிங்குக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இத்தனை வருஷம் பூட்டி வைத்துக் காத்ததை அண்ணி தன் கையில் கொடுத்திருக்கிறாள்.

மத்தியானம் ஹால் நிறைந்தது. யூனிஃபாரம் இல்லாமல் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்த நர்ஸுகள் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாததுபோல் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நடு நாற்காலியில் தலைமை நர்ஸ், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி முதலாளியம்மா. நிதானம் முதல் புட்டியை எடுத்தாள். கம்பிக்கூட்டை அவிழ்த்தாள். தக்கையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் புட்டியைத் திருப்பினாள். தக்கையை வெடிக்கவிடுவதற்கு அவள் எதிரி. புட்டியிலிருந்து மெல்ல ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. தன் பழைய கிளாஸில் ஒரு விரற்கடை ஊற்றிப் பார்த்தாள். அருமை. கண்ணைக் காட்டினாள். பரிமாறுகிறவர்கள் கிளாஸைச் சாய்த்து, கொஞ்சம் ஊற்றி, பொறுத்து, மறுபடி ஊற்றி, அவள் சொல்லிக்கொடுத்தபடியே வரிசையாக நிரப்பிக்கொண்டு போனார்கள்.

கிளாஸ்களில் ஷாம்பெயின் நின்றது. சும்மா நின்றது. நுரை வந்த வேகத்தில் சப்பென்று அடங்கிவிட்டது. ஒரு குமிழி ஏறவில்லை.

"என்னடி இது, ஆப்பிள் ஜூஸ் மாதிரி இருக்கு?" என்று கடைசி மேசையில் ஒரு குரல். எந்த வார்த்தை வந்துவிடக் கூடாதென்று பயந்தார்களோ அதே வார்த்தை. முதலாளியம்மா முகத்தில் ஈயாடவில்லை. ஷாம்பெயின் இருக்கா என்று கேட்டு வந்த அந்த நர்ஸ், தங்கள் அம்மாவுக்கு அவமானம் செய்துவிட்டோமோ என்று தலைமை நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிதானம் அதே புட்டியிலிருந்து தன் பழைய கிளாஸில் மறுபடி ஊற்றினாள். அதில் குமிழி சரம் சரமாக ஏறியது.

கோளாறு புட்டியில் இல்லை, கிளாஸில். அவளுக்கு நொடியில் புரிந்துவிட்டது. படியிறங்கிப் பின்கட்டுக்குப் போனாள். முதலாளியம்மாவும் பின்னாலேயே இறங்கி வந்தாள்.

பளிங்கு தொட்டிக்கு முன்னால் முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தாள். "எப்டி இருந்துச்சு அண்ணி கிளாஸு? உங்க நாளாச்சேன்னு புது சோப்புத் திரவம் வாங்கியாந்து, கையாலயே ரெண்டு தரம் தேய்ச்சேன். மினுமினுப்பு கூடணும்னு கடைசித் தண்ணிலயும் ரெண்டு சொட்டு விட்டேன். காத்துலயே காய வச்சேன். துணியே படல. ஒரு தூசி, ஒரு நூல் இருக்கா சொல்லுங்க?"

இல்லை. அதுதான் வினையே. ஷாம்பெயினுக்குள் அடைந்து கிடக்கும் வாயு, பிடித்து ஏற ஒரு நூலிழை, ஒரு துளி தூசாவது கிளாஸில் இருந்தால்தான் குமிழியாகக் கிளம்பும். பழந்துணியில் துடைப்பது அதற்காகத்தான். சோப்பின் படலமோ நுரையை நிற்கவிடாமல் அமுக்கிவிடும். இந்தப் புண்ணியவதி படலத்தைப் போர்த்தி, நூலிழையையும் விட்டுவைக்கவில்லை.

"புட்டி சரியில்லையா, கிளாஸ் சரியில்லையா? ஒண்ணு சொல்லுங்க" என்றாள் முதலாளியம்மா. குரலில் கோபம் இருந்தது.

பளிங்கின் சிரிப்பு அணைந்தது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் அவளுக்கிருந்த ஒரே கௌரவம் அந்தக் கிளாஸ்கள்தான். கிளாஸ் கெட்டது என்றால் பளிங்கு போயிற்று. புட்டி கெட்டது என்றால், அந்தச் சின்னக் குடும்பத்து ஷாம்பெயினும் போயிற்று, நிதானம் கொடுத்த வாக்கும் போயிற்று, தையல்காரர் மனைவி ஆயுள் முழுக்கச் சோடாதான். நிதானம் நாத்தனாரைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களைப் பார்த்தாள்.

"ரெண்டும் சரியா இருக்கு மேடம். நான்தான் சரியில்ல. நெட்டைக் கிளாஸுக்கு சோப்பு ஆகாதுன்னு இத்தன வருஷமா எனக்குத் தெரியும். இவகிட்ட நான் சொன்னதே இல்ல. சொல்லாதது என் தப்பு. இவ கழுவினதுல குத்தம் சொல்லணும்னா, அளவுக்கு மீறிச் சுத்தமா இருக்குங்கறதுதான் குத்தம். கொஞ்ச நேரம் குடுங்க, சரி பண்ணிடறேன்."

"மேல உக்காந்திருக்கறவங்களுக்கு என்ன சொல்றது?"

"உள்ளத உள்ளபடி நானே சொல்றேன்."

மாடிக்குப் போய், ஹால் நடுவில் நின்று, சொன்னாள். "மன்னிக்கணும். ஷாம்பெயின் அருமையான ஷாம்பெயின். நான் பொறுக்கி எடுத்தது. ஆனா எங்க கிளாஸெல்லாம் இன்னிக்கு ரொம்பச் சுத்தமாயிடுச்சு. கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் குமிழி வரும். வெந்நீர்ல அலசி, துணில தொடைச்சுக் கொண்டாந்துடறேன்."

தலைமை நர்ஸ் சிரித்தார் பாருங்கள், வார்டையே நடுங்கவைத்த அந்தத் தொண்டையிலிருந்து அப்படியொரு சிரிப்பு வருமென்று அவர் ஆட்களே எதிர்பார்க்கவில்லை. "முப்பது வருஷத்துக்கு மேல சுத்தம் பத்தல, சுத்தம் பத்தலன்னு கத்திக் கத்தியே என் தொண்ட போச்சு. சுத்தம் அதிகமாயிடுச்சுன்னு ஒருத்தங்க மன்னிப்புக் கேட்டு இன்னிக்குத்தான் கேக்கறேன். யாரும்மா அந்தக் கிளாஸக் கழுவினது? நான் அவங்கள பாத்தே ஆகணும்."

சொன்னவர் எழுந்தே விட்டார். அம்மா எழுந்தபிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? ஆளுக்கு இரண்டு கிளாஸாகத் தூக்கிக்கொண்டு மொத்தப் பட்டாளமும் படியிறங்கிப் பின்கட்டுக்கு வந்துவிட்டது. முதலாளியம்மா வேண்டாம் வேண்டாம் என்றதை யாரும் காதில் வாங்கவில்லை. நிதானம் வெந்நீரைத் திறந்துவிட்டாள். பளிங்கு அலசினாள். பட்டுச்சேலை, ஜரிகைக்கரை எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொண்டு நர்ஸுகள் வரிசையில் நின்று பழந்துணியால் துடைத்தார்கள். "இழுத்துத் தேய்க்காதீங்க, ஒரு சுத்து சுத்துங்க, போதும்" என்று நிதானம் தன் ரகசியத்தை எல்லோர் கையிலும் பிரித்துக் கொடுத்தாள். அதில் ஒரு இலேசான சந்தோஷம் இருப்பதை அவளே அப்போதுதான் கண்டாள். தலைமை நர்ஸ் பளிங்கு கழுவியதில் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஆபரேஷன் தியேட்டர்ல உங்கள மாதிரி ஒரு ஆளு இருந்திருந்தா நான் இன்னும் பத்து வருஷம் நல்லாத் தூங்கியிருப்பேன்" என்றார். பளிங்கு அடுத்த கிளாஸை எடுத்து அலசத் தொடங்கினாள்.

மறுபடி ஊற்றினார்கள். இந்த முறை ஹால் முழுக்கக் குமிழி ஏறியது. அடியிலிருந்து பொடிப்பொடியாகக் கிளம்பி, மேலே வந்து, சின்னதாக வெடித்து, மறுபடி அடியிலிருந்து. எல்லோரும் கிளாஸைத் தூக்கிப் பிடித்து, குடிப்பதற்கு முன்னால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை நர்ஸ் ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு.

"இது நமக்கானது இல்லன்னு இத்தன நாளா நானா நெனச்சுட்டு இருந்துட்டேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

முதலாளியம்மாவும் குடித்துப் பார்த்தாள். கிளாஸை மறுபடி நீட்டினாள். நிதானம் ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு, "நாளைக்கே கார்டுல போடச் சொல்லிடறேன்" என்றாள். "உங்க பேரோடன்னு வாக்குக் குடுத்திருக்கேன். எப்படிப் போடட்டும்? உங்க நெசப் பேரா, நிதானமா?"

மேசை துடைக்க வந்த இடத்தில் அச்சடித்த கார்டில் தன் பேர். இதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது, மகளிடம் எப்படிச் சொல்வது என்று நிதானத்தின் மனசு அதற்குள் பஸ் பிடித்து வீட்டுக்கே போய்விட்டது. பெருமைப்பட அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்படவும் மனமில்லாமல் இருந்தது.

அதற்குள் கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நர்ஸுகள் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்ததால், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக மாடி ஹாலுக்குள் வந்து நின்றிருந்தாள் பளிங்கு. ஈரக் கையில் ஒரு நெட்டைக் கிளாஸ். அதில் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. யாரோ அவள் பக்கத்தில், "இதத் தேடி எடுத்தவங்க யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

"தெரிஞ்சவங்களாவா?" என்றாள் பளிங்கு, ஹால் முழுக்கக் கேட்கும்படி. "எங்க அண்ணிங்க அது. எங்க வீட்டு அண்ணி."